கூண்டில் பேசியதும் தாளில் ஏறியதும்

சேலத்திலிருந்து வரும் சாலை தருமபுரிக்கும் மேட்டூருக்குமாகப் பிரியும் இடம் ஓமலூர். அங்குள்ள உரிமையியல் நீதிமன்றத்துக்கும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் வருவது எல்லாத் தாலுகா ஊர்களுக்கும் வருகிற வழக்குகள்தான்: வழித்தடத் தகராறு, கிணற்றுப் பங்கு, பாகப்பிரிவினை, செக் கேஸ், விபத்து, அடிதடி. சாட்சி சம்மனைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு முதன்முறையாக அந்தப் படியேறுகிறவர் வெறும் மனதோடு வருவதில்லை. கூண்டு எப்படி இருக்கும், வக்கீல் எப்படிக் கேட்பார், நீதிபதி என்ன சொல்வார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் வீட்டுக் கூடத்து டிவி.

அந்தப் பாடம் சரியா என்ற கேள்வி பழையது. சினிமா வந்தபோது கேட்டார்கள், நெடுந்தொடர் வந்தபோது கேட்டார்கள், குடும்பத் தகராறுகளைப் படப்பிடிப்பு அரங்கில் வைத்து விசாரிக்கும் நிகழ்ச்சிகள் வந்தபோது வழக்கே போட்டுக் கேட்டார்கள். கிடைத்த விடைகளை நான்கு தரப்பாகப் பிரிக்கலாம். கலை கலைதான், அதை நீதிமன்றத்தோடு ஒப்பிடுவதே தவறு என்பது முதல் தரப்பு. நடைமுறைப் பிழைகளை எண்ணிக் காட்டுவது இரண்டாவது. பிழையை விட்டுவிட்டு, பார்ப்பவர் மனதில் என்ன விளைகிறது என்று அளப்பது மூன்றாவது. நான்காவது தரப்புக்கு ஒப்புமையில் அக்கறை இல்லை; டிவி தானே நீதிமன்றமாகிவிடுவதுதான் அதன் கவலை. நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நான்குமே பார்க்கத் தவறிய ஒன்றும் உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்கு ஓமலூர்க்காரர் ஒருவரின் கொலை வழக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேடையிலிருந்து வந்த கூண்டு

தமிழில் வழக்குரைத்தல் சட்டப் புத்தகத்துக்கு முந்தைய கலை. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை என்று ஒரு காதையே இருக்கிறது. கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பை உடைத்ததும் பரல் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. சான்றுப் பொருள், வாதம், தீர்ப்பு, தண்டனை நான்கும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில். மன்னனே தன் தவறுக்கு உயிரை விடுகிறான். கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையும் இதே வேகம்தான். அவனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. வாய்தா வாங்கிக்கொண்டு அதைக் கடந்து போகிறவர்கள் அந்த முரணைக் கவனிப்பதுண்டா என்பது வேறு விஷயம்.

இந்த மரபைத்தான் சினிமா எடுத்துக்கொண்டது. 1952-இல் 'பராசக்தி'யின் குணசேகரன் கூண்டில் நின்று பேசியது, குற்றம் சாட்டப்பட்டவன் சமூகத்தைக் கூண்டில் ஏற்றிய பேச்சு. வசனம் எழுதிய மு. கருணாநிதிக்கு அதற்கு முன்பே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எழுதிய பழக்கம் உண்டு. 1950-இன் 'மந்திரி குமாரி' அங்கே உருவானது. 1973-இல் 'கௌரவம்' வழக்கறிஞரின் அகந்தையையே கதையாக்கியது. 1984-இல் வந்த 'விதி'யின் நீதிமன்ற வசனங்கள் ஒலிநாடாவாக வந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் பாட்டுக்குச் சமமாக ஓடின. காட்சியே இல்லாமல் கூண்டைக் காதால் மட்டும் கேட்ட ஒரு தலைமுறை இருந்தது. நெடுந்தொடர்களின் நீதிமன்றக் காட்சிகள் இந்த வரிசையின் வாரிசுகள். தீர்ப்பு நாளை என்று போட்டு மூன்று வாரம் இழுப்பது மட்டும் அவை சேர்த்த புதுமை. அந்த ஒரு விஷயத்தில் அவை நிஜ நீதிமன்றத்துக்குச் சற்று நெருங்கியும் வந்துவிட்டன.

ஆகவே முதல் தரப்பின் வாதம் இது: கூண்டு என்பது தமிழ் மேடையில் ஊர் முன்னால் உண்மை பேசுவதற்கான இடம், நடைமுறைச் சட்டத்தின் படத்தை அதில் தேடுவது, கூத்தில் வரும் ராஜாவிடம் நிலவரி ரசீது கேட்பது போல. வலுவான வாதம்தான். மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே திரை இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்வரை அது செல்லும். நீதிமன்றத்துக்குள் ஒருமுறைகூடப் போகாதவருக்கு அந்தத் திரை இருப்பது எப்படித் தெரியும் என்பதற்கு இத்தரப்பிடம் பதில் இல்லை. கூத்தில் வருபவன் ராஜா இல்லை என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. டிவியில் வருவது நீதிமன்றம் இல்லை என்று சொல்லக்கூடியவர் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம்.

பிழைப் பட்டியல்

இரண்டாவது தரப்பு, பெரும்பாலும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும். இவர்களின் பட்டியல் நீளமானது. நம் நீதிமன்றங்களில் நீதிபதி சுத்தியலால் தட்டி 'ஆர்டர், ஆர்டர்' என்று சொல்வதில்லை. பகவத்கீதையின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவதில்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் அல்லது மனசாட்சிப்படி உண்மை சொல்வதாக வாயால் உறுதி சொன்னால் போதும், புத்தகம் எதுவும் வேண்டாம். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு புதுச் சாட்சி ஓடிவர முடியாது. தன் தரப்புச் சாட்சியிடம் வக்கீல் விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கவும் கூடாது. அந்த உரிமை குறுக்கு விசாரணைக்குத்தான்.

போலீசார் எழுதிய வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட்டு, அதையே நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. சட்டம் நேர் எதிர். புலனாய்வின்போது சாட்சி சொன்னதை எழுதிய தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது. முரண்பாட்டைக் காட்டுவது போன்ற மிகக் குறுகிய தேவைக்குத்தான் அது பயன்படும். போலீசாரிடம் எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் சான்று மதிப்பு இல்லை. உரிமையியல் வழக்கில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் விசாரணை என்பதே பெரும்பாலும் தட்டச்சு செய்து தாக்கல் செய்யும் நிரூபண வாக்குமூலமாகிவிட்டது. சாட்சி தன் கதையைத் தன் வக்கீலிடம் கண்ணீரோடு விவரிக்கும் காட்சி, வழித்தட வழக்கில் பச்சைத்தாளில் நாலு பக்கமாக முடிந்துபோகிறது. கூண்டில் ஏறியதும் கேட்பது, இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்பதுதான்.

இதையெல்லாம் சொல்வது தேவைதான். ஆனால் பிழைகளைத் திருத்திவிட்டால் படம் நிஜமாகிவிடும் என்று இத்தரப்பு மறைமுகமாக நம்புகிறது. அந்த நம்பிக்கை சந்தேகத்துக்குரியது. சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படமான 'கோர்ட்' (2014) கீழ்நீதிமன்றத்தின் சலிப்பையும் தாளையும் ஏறக்குறைய அப்படியே காட்டியதாகப் பாராட்டப்பட்டது. தமிழில் 'ஜெய் பீம்' (2021) 1993-இல் தொடங்கிய உண்மை வழக்கை எடுத்துக்கொண்டு ஆட்கொணர்வு மனு என்ற சொல்லைப் பரவலாக அறியச் செய்தது. முதலாவது நிதானத்தால் நெருங்கியது, இரண்டாவது உணர்ச்சியால். இரண்டிலும் பேச்சுத்தான் மையம்.

நிஜத்தில் மையம் வேறு. குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது எப்படிப் பதிவாகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வக்கீல் கேட்கிறார்: "ராத்திரி ஏழு மணிக்கு அங்க லைட்டே இல்ல, இருட்டுல ஆளு அடையாளமே தெரிஞ்சிருக்காது, சரிங்களா?" சாட்சி தலையாட்டுகிறார், "இல்லீங்க, தெரிஞ்சுதுங்க" என்கிறார். நீதிபதி அதைத் தட்டச்சருக்குச் சொல்கிறார். தாளில் ஏறுவது: 'சம்பவ நேரத்தில் வெளிச்சம் இல்லை என்றும், எதிரியை அடையாளம் காண முடியாது என்றும் சொன்னால் சரியல்ல.' கேள்வி மறைந்துவிட்டது. சேலத்துப் பேச்சு மறைந்துவிட்டது. தலையாட்டியது, எச்சில் விழுங்கியது, வக்கீலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது எல்லாம் மறைந்துவிட்டன. சாட்சியம் வழக்கமாகக் கேள்வி பதிலாக இல்லாமல் கூற்று வடிவில் பதிவாக வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு. சாட்சியின் நடத்தை குறித்துக் குறிப்பெழுத நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, எழுதப்படுவது அபூர்வம். 'சொன்னால் சரியல்ல' என்று முடியும் வாக்கியங்கள் பத்துப் பதினைந்து அடுக்கப்பட்டால் ஒரு குறுக்கு விசாரணை முடிந்தது.

பல மாதம் கழித்து, சில சமயம் பல ஆண்டு கழித்து, தீர்ப்பு எழுதுகிறவர் இந்தத் தாள்களைத்தான் படிக்கிறார். இடையில் மாறுதலாகி வந்த வேறொரு நீதிபதியாகவும் அவர் இருக்கலாம். மேல்முறையீட்டில் நிச்சயம் வேறொருவர்தான். டிவியில் பேச்சு அந்தக் கணத்திலேயே உண்மையை உடைத்துக் காட்டுகிறது. இங்கே பேச்சு தாளாகிறது, தாள் தாளோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது. சுத்தியலைவிட, கீதையைவிட இந்த வேறுபாடு ஆழமானது. பிழைப் பட்டியல்களில் இது அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவில் அளந்தது

மூன்றாவது தரப்பு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வாளர்கள். அங்கே 1957-இல் தொடங்கிய 'பெர்ரி மேசன்' தொடரில் குற்றவாளி குறுக்கு விசாரணையில் உடைந்துபோய் ஒப்புக்கொள்வது வாராவாரம் நடந்தது. 1981-இல் 'தி பீப்பிள்ஸ் கோர்ட்' வந்தது, 1996-இல் 'ஜட்ஜ் ஜூடி'. இரண்டிலும் முன்னாள் நீதிபதிகள் நிஜமான சிறு வழக்குகளைத் தீர்த்தார்கள். 2000-இல் தொடங்கிய 'சிஎஸ்ஐ' தடய அறிவியலை நாயகனாக்கியது. இதைப் பார்த்துவிட்டு ஜூரியாக வருகிறவர்கள் எல்லா வழக்கிலும் டிஎன்ஏ சோதனை கேட்பார்கள், இல்லாவிட்டால் எதிரியை விட்டுவிடுவார்கள் என்ற பயம் எழுந்தது.

மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2006-இல் சுமார் ஆயிரம் ஜூரிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். தொடரைப் பார்ப்பவர்களுக்கு அறிவியல் சான்று மீதான எதிர்பார்ப்பு கூடுதல் என்பது தெரிந்தது. ஆனால் அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலான வழக்குகளில் விடுதலைத் தீர்ப்பாக மாறவில்லை. தொழில்நுட்பம் பெருகிய காலத்தின் பொதுவான எதிர்பார்ப்பு அது, ஒரு தொடரின் விளைவு என்று சொல்வதற்கில்லை என்ற திசையில் அவர்கள் முடிவு சென்றது. டிவி நீதிமன்ற நிகழ்ச்சிகளை ஆராய்ந்த கிம்பர்லியான் பொட்லாஸ் வேறொன்றைக் கண்டார். அடிக்கடி பார்ப்பவர்கள், நீதிபதி அதட்ட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தன் கருத்தைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நீதிபதி பேசாமலிருப்பதற்கும் ஒரு பொருள் கற்பித்தார்கள்.

இந்த முடிவுகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம்மிடம் ஜூரி இல்லை. முன்பு இருந்தது, 1944-இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று முடிவு சொன்னது சென்னையில் ஒரு ஜூரிதான். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பின்பு 1947-இல் அவர்கள் விடுதலையானார்கள். பம்பாயில் 1959-இல் நடந்த நானாவதி வழக்கோடு ஜூரி முறை ஒழிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் சில இடங்களில் அது நீடித்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது.

ஜூரி இல்லாத ஊரில் டிவி யாரைத் தொடுகிறது? தீர்ப்பெழுதுகிறவரை நேரடியாகத் தொடுவது குறைவு என்று வைத்துக்கொண்டாலும், தொடப்படுகிறவர்கள் மூன்று பேர் மிஞ்சுகிறார்கள்: புகார் கொடுப்பவர், கட்சிக்காரர், சாட்சி. நீதிபதி தன்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே, தன் கதையை முழுசாகச் சொல்ல விடவில்லையே என்ற மனக்குறையோடு படியிறங்குகிறவரைப் பொட்லாஸின் ஆய்வு ஓரளவு விளக்கக்கூடும். ஆனால் அந்தக் குறைக்கு டிவி மட்டுமே காரணம் என்று சொல்வது அவசரம். பேசத் தயாராக வந்தவரைப் பேசவிடாமல் 'ஆம், இல்லை'யில் நிறுத்துவது நீதிமன்ற நடைமுறையின் இயல்பு. டிவியே இல்லாத காலத்திலும் மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்தவருக்கு இதே குறை இருந்திருக்கும்.

நடுவர் இருக்கையில் தொகுப்பாளர்

நான்காவது தரப்பின் கவலை தமிழ்நாட்டில் மிக உரக்க ஒலித்தது. விஜய் டிவியில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்', 2011-இல் ஜீ தமிழில் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை', சன் டிவியில் குஷ்பு நடத்திய 'நிஜங்கள்' ஆகியவை ஒரே குடும்பம். இந்தியில் கிரண் பேடி நடத்திய நிகழ்ச்சியின் தலைப்பிலேயே கச்சேரி இருந்தது, அதாவது நீதிமன்றம். இவற்றில் கூண்டு இல்லை, சோஃபா உண்டு. கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், ஓடிப்போன மகளும் அழும் தாயும் எதிரெதிரே உட்கார, நடுவில் தொகுப்பாளர் விசாரிக்கிறார், கண்டிக்கிறார், முடிவு சொல்கிறார். 'சொல்வதெல்லாம் உண்மை'யின் லட்சுமி ராமகிருஷ்ணன் ஆதங்கத்தோடு சொன்ன ஒரு வாசகம் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் புகுந்து ஊரெல்லாம் பரவியது நினைவிருக்கலாம். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு எதிர் சோஃபாவில் இருந்தவர் முகம் நினைவிருக்கும்?

'சொல்வதெல்லாம் உண்மை' என்ற தலைப்பு சாட்சி சொல்லும் உறுதிமொழியிலிருந்து எடுத்தது. அமெரிக்க நிகழ்ச்சிகளில் குறைந்தபட்சம் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக இரு தரப்பும் ஒப்பந்தம் போடுகிறார்கள். தீர்ப்புத் தொகையைத் தயாரிப்பாளரே கொடுத்துவிடுகிறார். நம் நாட்டில் திருமண உறவு பற்றிய தகராறுகளைத் தனியார் நடுவரிடம் விடவே முடியாது என்பதை உச்சநீதிமன்றம் 2011-இல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. அதே 2011-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், காப் பஞ்சாயத்துகளையும் கட்டப்பஞ்சாயத்துகளையும் சட்டவிரோதமானவை என்று உச்சநீதிமன்றம் கண்டித்தது. அந்த ஆண்டிலேயே கட்டப்பஞ்சாயத்துக்கு வண்ண விளக்கும் விளம்பர இடைவேளையும் கிடைத்தன என்று எதிர்ப்பாளர்கள் சொன்னால் மறுப்பது கடினம்.

இன்னொரு முரணும் உண்டு. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, கட்சிக்காரர்களில் ஒருவர் கேட்டால்கூட விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். சட்டம் கதவைச் சாத்தச் சொன்ன அதே சண்டையை இந்நிகழ்ச்சிகள் கூடம் கூடமாகத் திறந்து வைத்தன. 2018 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை' ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தரங்கம் வெளிச்சமாவதே வழக்கின் சாரம்.

நிகழ்ச்சிகளுக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் கீழ்நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கியிருக்கின்றன. ஜீவனாம்ச மனு போட்டுவிட்டு வாய்தா தேதியைக் காலண்டரில் சுழித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, ஒரே நாளில் கணவனை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் இடம் டிவியாகத்தான் இருந்தது. அங்கே அவள் தன் பேச்சில் பேசினாள். 'சொன்னால் சரியல்ல' என்று யாரும் மாற்றி எழுதவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப்பணிகள் குழுக்களும் மக்கள் நீதிமன்றங்களும் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை அது. அவை இருப்பது தாலுகாவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் சோஃபாவுக்கு இவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் கேமரா ஓடும்போது பேசியது அவள் விருப்பமா, தயாரிப்புக் குழுவின் தூண்டுதலா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. நீதிமன்றத்தில் அதற்கு வழி உண்டு. பெயர் குறுக்கு விசாரணை.

ஓமலூர் இளைஞரின் வழக்கு

இதுவரை பார்த்த நால்வரும் டிவி ஒரு பக்கம், நீதிமன்றம் மறுபக்கம் என்று கோடு போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். அந்தக் கோடு எவ்வளவு தளர்வானது என்பதைக் காட்டுவது கோகுல்ராஜ் கொலை வழக்கு.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த, வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்தபோது ஒரு கும்பல் அவரை அழைத்துச் சென்றது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடல் கிடைத்தது. தற்கொலை போலத் தோன்றச் செய்யும் முயற்சியும் நடந்தது. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ் முதல் எதிரி. நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை, நியாயமாக நடக்காது என்று தாயார் முறையிட்டதால் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ஐந்து பேர் விடுதலை. 2023 ஜூனில் நீதிபதிகள் எம். எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு யுவராஜுக்கு விதித்த ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது.

நெடுந்தொடர் எழுதுகிறவர் கையில் இந்த வழக்கைக் கொடுத்தால் உச்சக்காட்சி எதுவென்று கேட்கவே வேண்டாம். உடனிருந்த தோழி கூண்டேறுவார், முதலில் தயங்குவார், பிறகு உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நடந்தது அதுவல்ல. குற்றவியல் நடுவர் முன் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்த அவர், விசாரணையில் பிறழ் சாட்சியானார். மேல்முறையீட்டின்போது உயர்நீதிமன்றமே 2022 நவம்பரில் அவரை வரவழைத்துக் கூண்டிலேற்றிக் கேட்டது. கோயில் கேமராப் பதிவில் கோகுல்ராஜோடு தெரியும் பெண் தான் அல்ல என்றார். அவகாசம் கொடுத்து மறுபடியும் அழைத்தார்கள், மாற்றவில்லை. நீதிமன்றம் தானே முன்வந்து அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள், நேருக்கு நேர் கேள்வி: டிவி நம்பும் அத்தனையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் பேச்சு எதையும் உடைக்கவில்லை. அவருக்கிருந்த பயம் எத்தகையது என்பதை எந்தக் கேமராவும் காட்ட முடியாது. அதை எழுதத் தாளிலும் இடமில்லை.

வழக்கைத் தாங்கியது வேறு. கோயில் கேமராக்களின் பதிவு, அதை நீதிமன்றம் ஏற்கத் தேவையான மின்னணுச் சான்றிதழ், மருத்துவச் சான்று, கைப்பற்றிய பொருள்கள், ஒன்றோடொன்று பொருந்தும் சிறு சிறு சாட்சியங்கள். 2023 ஜனவரியில் இரு நீதிபதிகளும் திருச்செங்கோடு கோயிலுக்கும் உடல் கிடந்த ரயில் பாதைக்கும் நேரில் போனார்கள். வாதம் கேட்க அல்ல. தாளில் படித்த இடங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, கேமரா எந்தக் கோணத்தில் எதைப் பிடித்திருக்கும் என்று பார்க்க. சட்டம் அனுமதிக்கும் இந்தத் தலப் பார்வை எந்தத் தொடரிலும் வந்து பழக்கமில்லாத காட்சி.

இந்த வழக்கில் டிவியும் நுழைந்தது, ஆனால் கண்ணாடியாக அல்ல. தலைமறைவாக இருந்த யுவராஜ் தனியார் செய்தித் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பேட்டி கொடுத்திருந்தார். ஒளிபரப்பான அன்று அது பரபரப்பு நிகழ்ச்சி. தன் தரப்பை மக்கள் மன்றத்தில் வைக்கிறேன் என்ற தோரணையில் அமைந்த பேச்சு. சில ஆண்டு கழித்து அந்தப் பதிவு சான்றாவணமாக நீதிமன்றத்துக்கு வந்தது. உயர்நீதிமன்றம் அதை ஏற்கத்தக்க சான்றாகவே கொண்டு எடைபோட்டது. டிவியின் முன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளப் பேசியது, தாளான பிறகு அவருக்கு எதிராகவே திரும்பியது. பேட்டி கண்டவர் கேள்வியின் கூர்மையோ, பார்த்தவர்கள் யாரை நம்பினார்கள் என்பதோ அங்கே கணக்கில் இல்லை. என்ன சொன்னார், அது வேறெந்தச் சான்றோடு ஒத்துப்போகிறது என்பது மட்டுமே.

கூண்டில் பேசியவர் பேச்சு பயன்படவில்லை, டிவியில் பேசியவர் பேச்சு பயன்பட்டது. இதைத் தலைகீழ் விதி என்று பொதுமைப்படுத்தக் கூடாது. ஒரு வழக்கின் நிலவரம் இது. ஆயினும் டிவி நீதிமன்றம் நிஜத்தைப் போலிருக்கிறதா என்று கேட்பதைவிட, பேசிய பேச்சு இரண்டு இடத்திலும் என்னவாக மாறுகிறது என்று கேட்பது கூடுதலாகப் புரியவைக்கும் என்பதற்கு இது போதுமான காரணம்.

கேமரா உள்ளே வந்தபின்

நிஜ நீதிமன்றத்தையே காட்டிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் நேரலைக்குக் கொள்கையளவில் அனுமதி தந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை நேரலையாகிறது. குஜராத் உயர்நீதிமன்றம் 2021-லேயே யூடியூபில் வந்துவிட்டது. பார்க்கிறவர் காண்பது ஆங்கிலத்தில் நடக்கும் சட்ட வாதம். பெரும்பகுதி தலைகுனிந்து பக்கம் புரட்டுதல். பரபரப்பான சில வாக்கியங்கள் மட்டும் வெட்டப்பட்டு, ஒரு நிமிடத் துணுக்குகளாகச் சுற்றுகின்றன. பார்வையாளரைத் திருத்த வந்த நேரலையைப் பார்வையாளரின் பழக்கம் தொடர்க் காட்சியாக வெட்டிக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது, அவசரத் தீர்ப்பாக இருந்தாலும்.

உயர்நீதிமன்றங்களுக்காக வகுத்த மாதிரி விதிகள் நேரலையிலிருந்து சிலவற்றை விலக்குகின்றன. திருமணத் தகராறு, பாலியல் குற்றம் ஆகியவற்றோடு சாட்சியப் பதிவும் குறுக்கு விசாரணையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காரணம் நியாயமானது: வெளியே காத்திருக்கும் அடுத்த சாட்சி முந்தைய சாட்சி சொன்னதைக் கைபேசியில் பார்த்துவிடக் கூடாது, கோகுல்ராஜ் வழக்கு போன்றவற்றில் சாட்சியின் பாதுகாப்பு இன்னும் பெரிய காரணம். அதன் விளைவு, திரை எழுபது ஆண்டுகளாக மிக அதிகமாகக் கற்பனை செய்த காட்சிதான் திரையில் நிஜமாக ஒருபோதும் வராத காட்சியாகவும் இருக்கப்போகிறது.

முடிவாகாமல் நிற்கும் கேள்விகள் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. ஜூரியை வைத்து அமெரிக்காவில் அளந்ததை இங்கே சாட்சிகளை வைத்து எப்படி அளப்பது? சாட்சி பிறழ்வதற்கு மிரட்டலும் சமரசமும் முதன்மைக் காரணங்கள் என்பது தெரிந்ததே; தன் பேச்சு தாளில் வேறாக ஏறுவதைப் பார்த்து மனம் விட்டுப்போவதற்கும் அதில் பங்குண்டா? கூற்று வடிவத்துக்குப் பதிலாகக் குரலும் முகமும் பதிவானால் மேல்முறையீட்டு நீதிபதி கூடுதலாக அறிவாரா, அல்லது அவரும் டிவி பார்ப்பவராகிவிடுவாரா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் ஒலி-ஒளிப் பதிவுக்கு முன்பைவிட அதிக இடம் தருவதால், இக்கடைசிக் கேள்வி ஆய்வாளர்களோடு நிற்காமல் நீதிபதிகளிடமும் விரைவில் வரும்.

அதுவரை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவருக்குப் பழைய வழி ஒன்றுதான். சட்டம் மூடச் சொன்ன வழக்குகள் தவிர மற்றவை திறந்த நீதிமன்றத்தில் நடக்கின்றன. ஓமலூரில் ஒரு காலை, சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் ஏனென்று கேட்கக் கூடாது. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூண்டேறுகிறவர் ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்குவார். தட்டச்சு ஒலி அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும், அதைவிடச் சுருக்கமாக.